எழுதியது அவள்தானா?

கிட்டத்தட்ட ஒரு வாரம் நான் நம்பியது இதுதான்: என் மனைவி என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை, அவள் போனில் இருக்கிற ஏஐதான் கோபித்துக்கொண்டது. சிரிக்காதீர்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஓர் ஆள், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவன் என்று போட்டிருக்கிறவன், இதை மனமார நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. ஆதாரம் திரட்டினேன், நிபுணர் கருத்துக் கேட்டேன், பொறி வைத்தேன். பதில் எழுத வேண்டிய ஒரே வேலையை மட்டும் செய்யவில்லை.

விருத்தாசலத்தில் பொம்மையும் மின்சாரப் பீஸ் கட்டையும் செய்கிற ஒரு சின்னச் செராமிக் கம்பெனியில், கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுப் போடுகிற பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அது சம்பளத்துக்கு. எனக்கு ஊரில் இருக்கிற பெயர் மைக்கால் வந்தது. யார் வீட்டில் காது குத்து, யார் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்றாலும், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மைக் என் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் நானே போய் வாங்கிக்கொள்வேன். என் ஜோக்குகளுக்கு எல்லாம் ஒரே கதாநாயகி. அவளைத் தேடி நான் எங்கும் அலையவில்லை, வீட்டிலேயே இருந்தாள். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, “ஏ…ங்க” என்று இழுத்தால் போதும், நான் அடுத்த வார்த்தை சொல்வதற்கு முன்பே கூட்டம் சிரித்துவிடும். பெண்கள் வரிசையில் அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூடிய வாய்க்குள் சிரிப்புதான் இருக்கிறது என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

பேக்கிங் பகுதியில் வேலை செய்கிற என் சிநேகிதன் புது வீடு கட்டிக் குடி போனான். நாங்கள் ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த விசேஷத்தில் நான் சொன்னதை இங்கே ஒரே ஒருமுறை சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் போனால் மீதிக் கதை உங்களுக்குப் புரியாது.

ஒருமுறை சூளையில் சுட்டு எடுத்து, இன்னும் கிளேஸ் ஏற்றாத சாமானுக்கு எங்கள் தொழிலில் பிஸ்கட் என்று பெயர். பார்க்க வெளுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். தண்ணீர் பட்டால் சொட்டு விடாமல் குடித்துவிடும். நான் மைக்கில் சொன்னேன்: “எங்க வூட்டுக்காரி பிஸ்கட்டு மாதிரிங்க. ஒரு சூளை ஏறி எறங்கியாச்சு. நானும் இத்தினி வருசமா முக்கி முக்கி எடுக்கறன், எதச் சொன்னாலும் உறிஞ்சிக்குது, பளபளப்பு மட்டும் வரமாட்டன்னுது!”

வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செராமிக் ஆட்கள். பந்தல் ஆடிற்று.

மறுநாள் காலை அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “சேத்தியாத்தோப்புக்கு அண்ணன் வூட்டுக்குப் போறன்” என்றாள். பக்கத்துக் கடைக்குப் போனாலும் “போயிட்டு வரேன்” என்று சொல்கிறவள். அந்தப் ‘போறன்’ என் காதில் விழுந்தது. விழுந்ததைக் குனிந்து எடுத்துப் பார்க்காமல், சட்னியை எந்தக் கிண்ணத்தில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம் போனில் ஒரு செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்.

“வணக்கம். என்னை வைத்து நீங்கள் ஊரைச் சிரிக்க வைப்பதை இனி நான் ஏற்கமாட்டேன். இது கோபம் அல்ல, சலிப்பு. சிரித்தவர்கள் எல்லோரும் மறுநாள் என்னைப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பில் பாதியை முகத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதைத் துடைப்பதே என் வேலையாகிவிட்டது. இனி என்னைப் பற்றி மைக்கில் பேசுவதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருந்துகொள்கிறேன். அண்ணனின் உரக்கடையில் கல்லாவில் உட்கார ஆள் தேவைப்படுகிறது.”

படித்ததும் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். பயமாவது வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. அவள் எனக்கு அதுவரை அனுப்பியிருந்த செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். “ம்.” “சரி.” “பால்.” “கேஸ் வந்துட்டுது.” ஒரு தடவை “வெங்காயம்” என்று அனுப்பிவிட்டு, சற்றுக் கழித்து “வேணாம்” என்று அனுப்பியிருந்தாள். இதுதான் அதுவரை அவள் எழுதி நான் படித்தது. இப்போது திடீரென்று வணக்கம்! கட்டின புருஷனுக்கு எந்தப் பெண்டாட்டி வணக்கம் வைக்கிறாள்? கூடவே ‘அல்ல’வுக்கும் ‘சலிப்பு’க்கும் நடுவில் ஒரு காற்புள்ளி. எங்கள் வம்சத்தில் காற்புள்ளி போட்ட ஆள் கிடையாது.

நான் அனுப்பிய பதில்: “யார் இது?”

படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

போனை எடுத்துக்கொண்டு பேக்கிங் கொட்டகைக்கு ஓடினேன். பங்காளி வைக்கோலுக்கு நடுவில் பொம்மைகளைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தான். போனில் எது வந்தாலும் இது நிஜம், இது டூப்பு என்று தீர்ப்புச் சொல்வதில் அவனுக்கு ஆர்வம் அதிகம். செய்தியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நிதானமாகப் படித்தான்.

“பங்காளி, சந்தேகமே இல்ல. இது அதான்.”

“எப்டிச் சொல்ற?”

“இது கோபம் அல்ல, சலிப்புன்னு வருதுல்ல? அது இல்ல, இதுன்னு பிரிச்சிப் பிரிச்சி எழுதறது பூரா ஏஐதான். மனுசன் கோவம் வந்தா கோவம்னுவான், முடிஞ்சிது. எங்க வூட்டுல கோவம் வந்தா தட்டு பறக்குது. காற்புள்ளியா பறக்குது?”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதைத்தான் யோசித்து யோசித்து வெட்கப்படுகிறேன். மனைவி வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள், எனக்கு நிம்மதி! எழுதியது அவள் இல்லை என்றால் வரமாட்டேன் என்று சொன்னதும் அவள் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எழுத்தைக் கொடுத்தால் மனிதனா எந்திரமா என்று சொல்லும் ஒரு ஆப் இருக்கிறது என்று அவன்தான் இறக்கிக் கொடுத்தான். செய்தியை அதில் ஒட்டினோம். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, எந்திரம் எழுதியதாகவே தெரிகிறது என்றது. பங்காளி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. வீட்டுக்குப் போய்ப் பீரோவிலிருந்து எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, நிகழும் மங்களகரமான என்று தொடங்கி, சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து என்பது வரை ஒவ்வோர் எழுத்தாக அடித்து ஒட்டினேன். அதுவும் எந்திரம் எழுதியது என்றது ஆப். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் டெலிபோனே நாலு வீட்டில்தான்.

பங்காளியிடம் காட்டினேன். “அப்பன்னா ஒங்க கல்யாணமே டூப்ளிகேட்டு பங்காளி” என்றான்.

மேனேஜருக்கு நான் எழுதிய லீவு லெட்டரை ஒட்டினேன். எந்திரம். கடைசியில் ஒரு வீம்புக்கு அந்தப் பிஸ்கட் ஜோக்கை அடித்து ஒட்டினேன். மனிதர் எழுதியது என்று வந்தது. நான் மனிதன் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சான்று அந்த ஜோக்தான் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எந்திரம் என்றால் யாராவது அதை இயக்கியிருக்க வேண்டுமே, யார் என்று அடுத்து யோசித்தேன். என் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அவன் பெற்ற தாய்க்கே ஒற்றை எழுத்துக்கு மேல் பதில் போட்டதில்லை. எனவே சந்தேகம் மச்சான் மகள்மேல் விழுந்தது. சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிற பெண், போனும் கையுமாகத் திரிகிறவள். அத்தைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், அல்லது அவளே அத்தையாக எழுதுகிறாள்.

பொறி வைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக ஒரு கேள்வி கேட்டு அனுப்பினேன்: “நம்ம மொத சண்ட எதுக்கு வந்துது?”

சாயங்காலம் பதில் வந்தது. “எதைச் சண்டை என்கிறீர்கள்? நீங்கள் கத்தியதையா, நான் பேசாமல் இருந்ததையா?”

பங்காளி தொடையில் தட்டினான். “பாத்தியா! கேள்விக்குக் கேள்வி. தெரியலன்னா மழுப்புது. அது பழக்கமே இதான்.”

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. அவள் சரியான பதிலையே சொல்லியிருந்தாலும் அது சரி என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பொறி வைத்தவனுக்கு எலி எது என்று தெரியாத கதை.

அடுத்து நான் செய்ததுதான் உச்சம். எந்திரத்தோடு மனிதன் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும், எந்திரமே பேசிக்கொள்ளட்டும் என்று, என் போனில் இருந்த ஏஐயைத் திறந்து, மனைவி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள், ஒரு விசேஷத்தில் அவளைப் பிஸ்கட் என்று சொல்லிவிட்டேன், உருக்கமாக ஒரு பதில் எழுதிக் கொடு என்றேன். மூச்சு விடுவதற்குள் ஒரு முழம் எழுதியது. ‘என் அன்புத் துணைவியே’ என்று ஆரம்பித்தது. முதல் பத்தியைப் படித்தேன், எனக்கே கண் கலங்கிற்று. மீதியைப் படிக்காமல் அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் மச்சான் மகள் போன் செய்தாள்.

“மாமா, அத்தை கேக்கறாங்க, எந்தக் கம்பெனி பிஸ்கட்டுன்னு.”

“என்னா பிஸ்கட்டு?”

“நீங்கதான மாமா எழுதியிருக்கீங்க? ‘இனி உனக்கு மிகவும் பிடித்த பிஸ்கட்டுகளை மாலைத் தேநீரோடு இருவரும் பகிர்ந்து உண்போம்’னு. அப்பா விழுந்து விழுந்து சிரிக்கறாரு.”

“அத்தை?”

“அத்தை சிரிக்கல.”

நான் விடவில்லை. குற்றவாளியே லைனில் இருக்கும்போது விடுவேனா? “இந்தா பாரு, உண்மையச் சொல்லு. அத்தைக்கு நீதான எழுதிக் குடுக்கற?”

“நானா? நான் எழுதியிருந்தா ரெண்டு வரி இங்கிலீஷு, மிச்சம் பூரா எமோஜி. அத்தை எழுதுனதுல பாதி எனக்கே புரியல மாமா. சலிப்புன்னா சளியான்னு கேட்டு ஒரு கொட்டு வாங்குனன்.”

இவ்வளவு சீக்கிரமாக மறுக்கிறாளே, அதுவே சந்தேகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மச்சான் போனை வாங்கினார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

“மாப்ளே, வெளையாட்ட வுடுங்க. தங்கச்சி திங்கக்கெழமலேருந்து கடையில ஒக்கார்றன்னு சொல்லிட்டுது. கணக்கு பாத்த பையன் நின்னுட்டான், நானும் சரின்னுட்டன். ஒக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்காது. அதப் பத்தி ஒங்களுக்கே தெரியும்.”

எந்திரத்துக்கு யாரும் கல்லாவில் நாற்காலி போடமாட்டார்கள். அதுவரை போனுக்குள் நடந்துகொண்டிருந்தது முதல் தடவையாக வெளியே வந்து என் பக்கத்தில் நின்றது. ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை. வரமாட்டேன் என்பது அவளாக இருக்கலாம், ஆனால் எழுத்து அவளுடையது இல்லை என்று இன்னொரு கட்சி கட்டிக்கொண்டேன். யாரோ தூண்டிவிட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

மறுநாள் டீ நேரத்தில் பேக்கிங் கொட்டகையில் இதைப் பங்காளிக்கு நிரூபித்துக் காட்ட நினைத்தேன். “எத்தினி வருசமா அவ கொரல்ல பேசிக்கிட்டு இருக்கன்? அவ பேச்சு எதுன்னு எனக்குத் தெரியாதா? இப்ப பாரு, இத அவ கொரல்ல பேசிக் காட்டறன், எப்டி ஒட்டாம நிக்கிதுன்னு பாரு.” போனைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கை அடைத்தேன். “ஏ…ங்க” என்று இழுத்தேன். கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பேர் வழக்கம்போல முன்கூட்டியே சிரித்தார்கள்.

எழுத்தில் இருந்ததைப் பேச்சாக மாற்றிக்கொண்டே போனேன். ‘இது கோபம் அல்ல, சலிப்பு.’ “கோவம்லாம் ஒண்ணுமில்லங்க. சலிச்சிப் போச்சு.”

இதை நான் கேட்டிருக்கிறேன். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் அடுப்படியிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, பல தடவை கேட்டிருக்கிறேன். கோவமா என்று நான் கேட்பேன். கோவம்லாம் ஒண்ணுமில்ல, சலிச்சிப் போச்சு என்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

அடுத்த வரி. “சிரிச்சவங்கள்லாம் மறுநாளு என்னப் பாக்கும்போது அந்தச் சிரிப்புல பாதிய மூஞ்சியிலயே வச்சிருக்காங்க. அதத் தொடைக்கறதே என் வேலையாப் போச்சு.”

மூக்கை அடைத்திருந்ததை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. இழுப்பும் இல்லை. ஒரு வார்த்தைகூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. ‘வீட்டுக்கு’ என்பதை ‘வூட்டுக்கு’ என்று மாற்றினால் போதும், முழுக்க அவள். வெளியே தெரிந்த சட்டை மட்டும்தான் வேறு. யாரும் சிரிக்கவில்லை. பங்காளி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “இது தங்கச்சியேதான் பங்காளி” என்றான். காற்புள்ளியைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை.

எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க, அந்த ஆளின் எழுத்தை முன்னால் பார்த்திருக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் எதற்கு எழுதிக்கொள்கிறார்கள்? வெங்காயத்துக்கு எழுதுவோம். எங்கள் தமிழில் பேசுகிறவரும் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தாலும் அடையாளம் தெரியாது. வூடு என்று பேசுகிற அத்தனை பேரும் பேனாவைப் பிடித்தால் வீடு என்றுதான் எழுதுகிறோம். நானும்தான், இதோ இந்தப் பக்கத்தில். இதைப் படிக்கிற யாராவது, மைக்கில் கூத்தடிக்கிற அந்த ஆளா இப்படி எழுதினான் என்று சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வரும்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கம்மாபுரம் வழியாகச் சேத்தியாத்தோப்பு போகிற பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று தயார் செய்தேன். தயார் செய்ததெல்லாம் ஜோக்காக வந்தது. கடைசியில் எதையும் தயார் செய்யாமல் இறங்கினேன்.

திங்கட்கிழமை வரை அவள் காத்திருக்கவில்லை. மச்சானின் உரக்கடைக் கல்லாவில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு விவசாயி பொட்டாஷ் மூட்டைக்குப் பில் வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னா வேணும்?”

“நீ அனுப்பினியே… அது நீயே எழுதுனதா?”

“இதக் கேக்கத்தான் பஸ்ஸு ஏறி வந்தீங்களா?”

“இல்ல. இதையும் கேக்கலாம்னு.”

“ஏன், நான் எழுத மாட்டனா? பன்னண்டாவதுல தமிழ்ல எங்க ஸ்கூலுல நான்தான் மொத மார்க்கு. ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. அவளுக்கு மாத்திரை எத்தனை, செருப்பு சைஸ் எத்தனை என்பதெல்லாம் தெரியும். இது தெரியாது.

“செரி. அதுக்குன்னு வணக்கம்லாம் போட்டு, அல்லன்னு, ஏற்கமாட்டேன்னு… யாரோ எழுதுனாப்புல இருந்துது. நீ பேசற மாதிரியே எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

பொட்டாஷ்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

“நான் பேசற மாதிரி எழுதுனா, அதையும் நீங்க மைக்குல பேசிக் காட்டுவீங்க. அதான் ஒங்களுக்குப் பேச வராத தமிழாப் பாத்து எழுதுனன்.”

பேக்கிங் கொட்டகையில் என்ன செய்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“இப்ப என்னா சொல்றீங்க?”

“இனிமே ஒன்னப் பத்தி…”

“வாயால வேணாம். ஒங்க வாயி மேல எனக்கு நம்பிக்க இல்ல. எழுதுங்க.”

யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து போனை எடுத்தேன். இரண்டு வரிதான். அடித்தேன், அழித்தேன். நடுவில் ஒரு ஜோக் எட்டிப் பார்த்தது, அதையும் அழித்தேன். அவள் வேறு எங்கும் பார்க்கவில்லை. “இனி உன்னைப் பற்றி மைக்கில் பேச மாட்டேன். பேசியது தப்பு.” அனுப்பியதும் கல்லா மேசையில் அவள் போன் அதிர்ந்தது. எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு தடவை படித்தாள்.

“இது நீங்க எழுதுனதுதான்” என்றாள்.

“எப்டிக் கண்டுபுடிச்ச?”

“எதிர்லயே ஒக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தன்?”

நடந்தது இவ்வளவுதான். அந்தச் செய்தியை என் மனைவியே எழுதினாள். மச்சான் வீட்டில் எல்லோரும் மத்தியானம் தூங்குகிற நேரத்தில், இரண்டு நாள், எழுதி அழித்து எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் திருத்தவில்லை. அவள் போனில் ஏஐ எதுவும் இல்லை. அன்றைக்கு அவள் என்னோடு கிளம்பவில்லை. கடைக்கு வேறு ஆள் வரும் வரை இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள், நான் தனியாகத்தான் திரும்பினேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக் கதவைத் திறந்துகொண்டாள்.